குளத்தைக் கலக்கோம், வாருங்கள்

கொழும்பில் பிளேன்டீயைக் கரண்டி போட்டுக் கலக்காமலே வாழ்நாளில் பாதியைக் குடித்துத் தீர்த்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் மண்டி அண்ணை. இதற்கு யாராவது போட்டிக்கு வருவதானால் வரட்டும், நடுவராக இருக்க நான் தயார். ஆனால் தீர்ப்பை இப்போதே எழுதி வைத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய உண்மையான பெயர் எங்கள் மாடிக் கட்டடத்தின் கடிதப்பெட்டியில் ஒட்டியிருந்தது. அதை வாசித்தவர் தபால்காரர் மட்டுந்தான். அவரும் ஒருநாள் ஒரு கடிதத்தை நீட்டி, "மிஸ், இப்படி ஒராள் இங்க இருக்கிறாரா?" என்று என்னிடம் கேட்டார். நான் பெயரைப் பார்த்துவிட்டு, சத்தியமாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அது மண்டி அண்ணையின் சகோதரி மகளுடைய கல்யாணக் கார்ட். விஷயம் தெரிந்து நான் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் கோபிக்கவில்லை.

"அந்தப் பேரில எனக்கே இப்ப ஆளைத் தெரியாது, தங்கச்சி. சாப்பாடுதான் போச்சு" என்றார்.

எங்கள் கட்டடம் வெள்ளவத்தைக்கும் களுபோவிலவுக்கும் நடுவில், ஒரு சின்னக் குளத்தின் கரையில் இருக்கிறது. குளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எதிர்க்கரைக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஐந்து மாடி. மூன்றாம் மாடியில் அண்ணை, நாலாம் மாடியில் நான். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டுக் கொழும்புக்கு வந்து, தண்ணீர் பரிசோதிக்கும் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். வேலை என்னவென்றால், நாடு முழுவதும் போய்க் குளங்களின் அடியிலிருந்து சேறு எடுத்து வருவது. ஓய்வு பெற்ற பிறகு அலுவலகம் அவரை விட்டுவிட்டது. அவர் சேற்றை விடவில்லை. மண்டி என்றால் அடியில் படிகிற கசடு, பெயர் வந்த வழி அதுதான்.

சேறு எடுக்க அவரிடம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்கள் இருந்தன. ஒன்று என் இடுப்பளவு உயரம். அதை நட்டுக்குத்தாகக் குளத்தின் அடியில் இறக்கி, மேல்வாயை றப்பர் மூடியால் அடைத்து இழுத்தால், அடிச்சேறு படை படையாகக் குழாய்க்குள் நிற்கும். மற்ற வீட்டுக்காரர்கள் ஜன்னலோரத்தில் குரோட்டன் வைத்திருந்தார்கள். அவர் ஆறு குழாய்ச் சேறு வைத்திருந்தார். போகிறவர் வருகிறவரை நிறுத்தி விளக்கமும் சொல்லுவார்.

"இந்த மண்ணிறம் பழைய காலத்துப் படை. இது ஒரு பெரிய வெள்ளத்தோட வந்தது. இந்தக் கறுப்புப் பட்டி இருக்கெல்லே, இதைப் பற்றிப் பிறகு கதைப்பம்."

அந்தக் கறுப்புப் பட்டிக்கு வந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். ஏனென்று எங்களுக்கு வெகுகாலம் தெரியாது.

குழாயோடு அவர் பஸ்ஸில் ஏறுவதும் ஒரு காட்சிதான். ஒருமுறை காலி வீதியில் நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். அவர் இரண்டு பேருக்கான இருக்கையில் குழாயை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கொண்டக்டர் வந்து, "அய்யே, ஓக்க மொகக்த?" என்று, அது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

"மட" என்றார் அண்ணை. சிங்களத்தில் மட என்றால் சேறு.

கொண்டக்டர் அவரையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சேற்றுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றான். அண்ணை மறுபேச்சில்லாமல் எடுத்தார். "ஹொல்லன்ன எப்பா மல்லி" என்று மட்டும் கெஞ்சினார். குலுக்காதே தம்பி என்று அர்த்தம். அவர் சொன்னது கொண்டக்டருக்கு அல்ல, டிரைவருக்கு. கொழும்பு பஸ் டிரைவரிடம் குலுக்காமல் ஓட்டச் சொன்ன மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

இனித் தேநீர்க் கதைக்கு வருகிறேன். குளக்கரையில் சுனில் என்பவரின் தேநீர்க்கடை இருக்கிறது. சுனிலுக்கு வயது ஐம்பதுக்கு மேல் என்றாலும் அண்ணைக்கு அவர் மல்லிதான். சுனிலின் கை ஒரு வினோதமான கை. யார் என்ன சொன்னாலும் கிளாஸில் மூன்று கரண்டி சீனியைக் கொட்டிய பிறகுதான் அவருக்குக் காது கேட்கத் தொடங்கும். மண்டி அண்ணைக்கோ சலரோகம். களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக்கில் சீனியைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் சுனிலோடு ஒரு வாரம் போராடிப் பார்த்துவிட்டு, தன் தொழிலறிவைக் கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். கலக்காவிட்டால் சீனி அடியில் கிடக்கும். மேலே இருப்பதைக் குடித்துவிட்டு, அடியில் ஒரு விரற்கடையை விட்டுவிடலாம்.

"அண்ணே, கரண்டி?" என்பார் சுனில், ஒவ்வொரு நாளும்.

"வேண்டாம் மல்லி. எல்லாம் அடியில கிடக்கட்டும்."

கரண்டி வந்தபடியே காய்ந்த நிலையில் திரும்பிப் போகும். அடியைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தேநீரோடு நிற்கவில்லை. வீட்டில் ரசத்தை மேலாக இறுத்துத்தான் ஊற்றுவார். நன்றாகக் குலுக்கிய பின் பாவிக்கவும் என்று எழுதிய மருந்துப் போத்தலைக்கூடக் குலுக்க மாட்டார். "குலுக்கச் சொல்லிப் போட்டிருக்கே, அண்ணை" என்று கேட்டால், "அது ஒரு வழக்கத்துக்குப் போடுறது" என்பார்.

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில் இரண்டு அன்னங்கள் வந்து சேர்ந்தன. கொண்டு வந்தவர் எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர். கொட்டாஞ்சேனையில் குழாயும் ஆணியும் பெயின்டும் விற்கும் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். வேறு யாரும் முன்வராததால் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அவரே தலைவர். பத்திரிகையில் எழுதுகிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக நான் செயலாளர். தலைவர் எங்கிருந்தோ இரண்டு வெள்ளை அன்னப் படகுகளை லொறியில் ஏற்றி வந்து குளத்தில் இறக்கினார். உள்ளே இருந்து சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்தால் அவை ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மண்டி அண்ணை ஒரு தடியோடு வந்தார்.

"தலைவரே, இந்தக் குளம் எவ்வளவு ஆழமெண்டு தெரியுமோ?"

"போட் ஓடுதுல்ல, அது போதும்ங்க அண்ணே."

"என்ர இடுப்பு மட்டுந்தான். அதுக்குக் கீழ முழுக்கச் சேறு. உங்கட அன்னம் நீந்தேல்லை, உழுகுது."

"பார்க்க அழகா இருக்குல்ல?"

"அன்னமெண்டால் பாலையும் தண்ணியையும் பிரிக்கும் எண்டு படிச்சனாங்கள். இது தண்ணியையும் சேத்தையும் எல்லே கலக்குது."

தலைவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நாங்களும் சிரித்தோம். அந்த வருடம் குளம் நாறத் தொடங்கியது. எதிர்க்கரைக்காரர்கள் கையெழுத்து வைத்து மனுக் கொடுத்தார்கள். ஒருநாள் எங்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளூர்ச் சபையின் கடிதம் தொங்கியது. மழைக்காலம் முடிய ஓர் அதிகாரி வந்து பார்ப்பார், அப்போதும் குளம் இப்படியே நாறினால் மண் போட்டு நிரப்பி, வாகனத் தரிப்பிடம் ஆக்கப்படும் என்று அதில் இருந்தது. வெள்ளவத்தைப் பக்கம் வாகனம் நிறுத்த இடம் தேடி அலைந்தவர்களுக்கு அது ஒன்றும் கெட்ட செய்தியாகப் படவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அன்றைக்கு மண்டி அண்ணை சுனிலின் பிளேன்டீயை மேலாகக்கூடக் குடிக்கவில்லை. மனைவி காலமான பிறகு அவர் மாலையில் பேசிக்கொண்டிருப்பது அந்தக் குளத்தோடுதான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"முப்பது வருசமாக் குளங்களின்ர வயித்தைச் சோதிச்சு றிப்போட் எழுதினனான், தங்கச்சி. ஒண்டையும் சுகப்படுத்தேல்லை. அது என்ர வேலை இல்லையெண்டு சொல்லிப்போட்டினம். இது ஒண்டையாவது காப்பாத்த வேணும்."

அவர் குரல் இறங்கியிருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. உடனே தலைவரிடம் போய், குளத்தைச் சுத்தப்படுத்த எல்லோரும் கூடி ஒரு சிரமதானம் வைப்போம் என்றேன். உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் வாழ்க்கையிலேயே பெரிய பிழையை அந்த வேகத்தில்தான் செய்தேன். பனரில் போட ஒரு வசனம் எழுதிக் கொடுத்தேன்.

குளத்தைக் கலக்குவோம், வாருங்கள்.

எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. டீவியில் யாராவது ஆடினாலும் பாடினாலும் சமைத்தாலும் "கலக்கிட்டீங்க" என்கிறார்களே, அந்தக் கலக்கல். தலைவரும் "சூப்பர் மிஸ்" என்று சொல்லி, பத்தடி நீளத்தில் துணியில் பெயின்ட் பண்ணிக் குளக்கரையில் கட்டிவிட்டார். அரைமணி நேரத்தில் மண்டி அண்ணை என் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, அதை எழுதினது ஆர்?"

"நான்தான் அண்ணை. எப்படி இருக்கு?"

"அப்ப கலக்கிறதெண்டு முடிவே எடுத்திட்டியளோ?"

"ஐயோ அண்ணை, அது அந்தக் கலக்கிறது இல்லை. நல்லாச் செய்யிறது எண்டு அர்த்தம். டீவியில சொல்லுவினமே."

"டீவியில குளம் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

டீவியில் குளம் இல்லைதான். ஆனால் பனரைப் பார்த்து வந்த ஜனங்கள் என் வசனத்தை என்னைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். ஞாயிறு காலை நாற்பது பேர் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினார்கள். தலைவர் தன் கடையிலிருந்து புத்தம்புது இரும்பு வாரிகளைக் கொண்டு வந்து கொடுத்தார். அடியைப் போட்டு வாரு வாரென்று வாரினோம். பிளாஸ்டிக் போத்தல் மலைபோல் வந்தது. ஒரு மின்விசிறி வந்தது. கதவில்லாத ஃப்ரிட்ஜ் ஒன்று வந்தது. மண்டி அண்ணை குடையோடு கரையில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார்.

"மிதக்கிறதை எடுங்கோ. கரையில கிடக்கிறதை எடுங்கோ. அடியைத் தொடாதேங்கோ, உங்களைக் கும்பிட்டன்."

யார் கேட்டது? நடுக்குளத்தில் ஒரு லொறி டயர் புதைந்திருந்தது. அதற்குக் கயிறு கட்டி, இரண்டு அன்னங்களிலும் பூட்டி, நாலு பேர் ஏறி மிதித்தோம். மிதித்தோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் வலப்பக்க அன்னத்தில் மிதித்தது நான். டயர் புரண்டு வந்தபோது தண்ணீர் மையாகக் கறுத்து, குமிழி குமிழியாகப் பொங்கி, கூழ்முட்டை நாற்றம் எழும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணை மட்டும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு காலையில் ஜன்னலைத் திறந்தேன். குளம் பச்சை. சாதாரணப் பச்சை இல்லை. தலைவரின் கடையில் வாளி வாளியாக விற்கிற எனாமல் பச்சை. கரையோரத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. நாற்றம் நாலாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாமலே ஏறி வந்தது. ஜனங்களுக்குக் கோபம் வந்தால் அதை யார் தலையிலாவது போட வேண்டும். போட்டார்கள், மண்டி அண்ணையின் தலையில். அவருடைய வாய் முகூர்த்தந்தானாம்.

சுனிலின் கடை வாங்குப் பலகைகளில் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் எழுந்து நேராகக் கேட்டார்.

"நாங்க குப்பையத்தான் வெளிய எடுத்தோம். ஒரு சொட்டு அழுக்கு உள்ள போடல. அப்புறம் எப்படிங்க அண்ணே பச்சையாச்சு?"

நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் அதே கேள்வி. அண்ணை சுனிலைப் பார்த்து, "மல்லி, ஒரு பிளேன்டீ" என்றார். கிளாஸ் வந்ததும் அதைத் தலைவர் கையில் கொடுத்தார்.

"கலக்காமல் ஒரு வாய் குடியுங்கோ."

"கசக்குதுங்க."

அண்ணை கையை நீட்டிச் சுனிலிடம் கரண்டி கேட்டார். சுனில் இரண்டுதரம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே கொடுத்தார். அண்ணை கிளாஸுக்குள் கரண்டியை விட்டுக் கிணுகிணுவென்று கலக்கினார்.

"இப்ப குடியுங்கோ."

"பாகு மாதிரி இருக்கு."

"நான் புதுசாச் சீனி போட்டனானோ?"

தலைவர் கிளாஸைப் பார்த்தார். பிறகு குளத்தைப் பார்த்தார்.

"சவுக்காரத் தண்ணி, குசினித் தண்ணி, கக்கூஸ் தண்ணி, எல்லாத்திலயும் பொஸ்பேட் எண்டு ஒரு சாமான் இருக்கு" என்றார் அண்ணை. "அது பாசிக்குச் சாப்பாடு. வருசக்கணக்கா வந்து அடியில படிஞ்சு கிடந்தது. அடியில கிடக்கிற மட்டும் பெரும்பாலும் பாசிக்கு எட்டாது. அன்னம் கொஞ்சம் கொஞ்சமாக் கலக்கினது. அண்டைக்கு நாப்பது பேர் இறங்கி ஒரேயடியாக் கலக்கிக் குடுத்தம். பாசி திண்டு கொழுத்துது. கொழுத்தது செத்து அழுகேக்க, தண்ணிக்குள்ள இருந்த காத்தை உறிஞ்சிப்போட்டுது. மீன் மூச்சு முட்டிச் செத்துது."

"அப்ப அந்தச் சேத்த முழுசா அள்ளிடலாமே?" என்றார் தலைவர்.

"அள்ளலாம். அதுக்கு உறிஞ்சிற மிசினும், கலங்கல் பரவாமல் மறைப்பும் வேணும். வாரியால ஏலாது. அள்ளினாலும் மேல இருந்து வாறது வந்துகொண்டிருந்தால் திரும்பவும் இதே கதைதான். தண்ணியில காத்துக் குறைஞ்சால் அடி தானாயும் கொஞ்சம் பொஸ்பேட்டைக் கக்கும். முதல்ல வாறதை நிப்பாட்ட வேணும்."

"எவன் விடுறான்? சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

அண்ணை வாங்குக்குக் கீழே இருந்து ஒரு குழாயை எடுத்து மேசையில் நிறுத்தினார். கறுப்புப் பட்டியில் விரலை வைத்தார்.

"இது எங்கட மாடி கட்டின பிறகு வந்த படை, தலைவரே. கராஜுக்குப் பின்னால, சேம்பு இலைக்குள்ள ஒரு பைப் இருக்கு. எல்லாரும் கோபிப்பியள் எண்டு இவ்வளவு நாளும் சொல்லேல்லை. அது என்ர பிழை."

எல்லோரும் அண்ணாந்து எங்கள் கட்டடத்தைப் பார்த்தோம். ஐந்தாம் மாடியில் யாரோ உடுப்புத் தோய்க்கும் மெஷின் சத்தம் கேட்டது. தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தக் கரண்டிக் கதைய விடுங்க அண்ணே" என்று சொல்லி, கையில் அகப்பட்ட கரண்டியைத் தூக்கிக் குளத்தில் எறிந்துவிட்டுப் போனார். படகுத்துறைக்குப் பக்கத்தில் அது களுக்கென்று விழுந்தது.

"மெதுவாப் போட்டிருக்கலாம்" என்றார் மண்டி அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு.

"மகே ஹெந்த" என்றார் சுனில். அது அவருடைய கரண்டி.

தலைவரைப் பற்றி இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். அடுத்த நாள் காலையில் அவர் கொட்டாஞ்சேனைக் கடையிலிருந்து பைப்பும் ஆட்களும் கொண்டு வந்து இறக்கினார். சபையில் அனுமதி எடுத்து, எங்கள் கழிவுத் தண்ணீரை வீதிப் பெருங்குழாயோடு சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அன்னங்களை அவரே கரைக்கு இழுத்து, தறப்பாளால் மூடிக் கட்டினார். கட்டும்போது ஓர் அன்னத்தின் கழுத்தைத் தடவிக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

என் பங்குக்குப் பனரைத் திருத்தினேன். புதுத் துணி எதற்கு? பெயின்ட் டப்பாவோடு ஏணியில் ஏறி, "கலக்குவோம்" என்பதில் "குவோ" என்ற இரண்டு எழுத்தையும் வெள்ளை அடித்து மறைத்து, அந்த இடத்தில் "கோ" என்று எழுதினேன். மண்டி அண்ணை ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து வாசித்தார்.

"குளத்தைக் கலக்கோம், வாருங்கள்." இரண்டாம் முறையும் வாசித்தார். "இப்பதான் தமிழ்" என்றார்.

அதை வாசித்துவிட்டுப் பழைய நாற்பது பேரும் வந்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். "ஒண்டும் செய்யாதேங்கோ. இருந்து பாருங்கோ" என்றார் அண்ணை. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான சிரமதானம் என்று அப்போதுதான் தெரிந்தது. சிலருக்குக் கை அரித்தது. அவர்களுக்கு மட்டும் அண்ணை ஒரு வேலை கொடுத்தார். அன்று அள்ளிய போத்தல்களைச் சேர்த்துக் கட்டி மிதவை செய்து, அதில் கல்வாழை நட்டுத் தண்ணீரில் விட்டார்கள். வேர் கீழே தொங்கித் தண்ணீரில் கரைந்திருக்கும் பொஸ்பேட்டை உறிஞ்சுமாம். அண்ணை காலையிலிருந்து பொழுதுபடும்வரை கரையில் காவல். குளத்தில் ஒரு கபரகொய்யா குடியிருந்தது. முதலைக்குத் தம்பி போன்ற அந்தப் பிராணி தண்ணீரில் இறங்கும்போதுகூட, "மெதுவாப் போ, ராசா" என்று அதற்கும் சொல்லுவார்.

தண்ணீர் தெளிகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வெள்ளைக் கோப்பை இருந்தது. யாழ்ப்பாணத்தாருக்குக் கோப்பை என்றால் சாப்பாட்டுத் தட்டு. அதில் மூன்று ஓட்டை போட்டு நூல் கட்டி, படகுத்துறையிலிருந்து இறக்குவார். எந்த ஆழத்தில் கோப்பை கண்ணுக்கு மறைகிறதோ, அங்கே நூலில் ஒரு முடிச்சு. பச்சையாக இருந்த நாளில் ஒரு சாணுக்குள் மறைந்தது. பிறகு ஒரு சாண். ஒன்றரைச் சாண். மழை வந்து குளம் மண்ணிறமானபோது மறுபடி ஒரு சாணுக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் நம்பிக்கையை விட்டுவிட்டோம். தலைவர் அழாத குறை. அண்ணை ஒருவர்தான் அசையவில்லை. "படியட்டும்" என்றார். மழை விட்டுப் பத்து நாளில் இரண்டு சாணைத் தாண்டியது.

அதிகாரி வந்தார். இளம்பெண். மூக்கைச் சுருக்கத் தயாராக வந்தவர், சுருக்கக் காரணம் கிடைக்காமல் சுற்றிப் பார்த்தார். பிறகு றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் காலை வைக்கப் போனார். மண்டி அண்ணை குறுக்கே போய் நின்றுவிட்டார்.

"மிஸ், மட கலத்தன்ன எப்பா" என்றார். சேற்றைக் கலக்காதீர்கள் என்று.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணை கோப்பையை இறக்கினார். இரண்டு பேரும் குனிந்தார்கள்.

"பேனவா னே" என்றார் அதிகாரி. தெரிகிறதே என்று.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. குளம் நிரப்பப்படாது. அண்ணை அதை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுத் திரும்பினார். எனக்குச் சந்தோஷத்தில் வேறு வார்த்தை வரவில்லை.

"அண்ணை, கலக்கிட்டீங்கள்."

அவர் திடுக்கிட்டுக் குளத்தைத் திரும்பிப் பார்த்தார். "நானோ? நான் ஒண்டையும் கலக்கேல்லையே, தங்கச்சி" என்றார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் சில மாதம் கழித்து ஒரு மாலை அவர் என் கதவைத் தட்டினார். கோப்பை மறுபடி ஒரு சாணில் மறைகிறதாம். யாரோ கலக்கிவிட்டார்களாம். தலைவரைக் கூப்பிட்டோம். அவர் அன்னத்தின் மேல் கை வைத்து, அவிழ்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். கராஜுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம், பழைய பைப்பின் அடைப்பு அப்படியே இருந்தது. கடைசியில் நான் கோப்பையை வாங்கி இறக்கினேன். இரண்டு சாண், மூன்று சாண், அதற்கும் கீழே, வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

நான் கோப்பையைப் பார்க்காமல் அண்ணையின் கண்ணைப் பார்த்தேன். கறுப்பு விழிக்குள் சாம்பல் படிந்திருந்தது.

"அண்ணை, மண்டி குளத்தில இல்லை. உங்கட கண்ணில."

களுபோவில ஆஸ்பத்திரிக்கு நானும் தலைவரும் கூட்டிப்போனோம். கண்புரை எடுத்தார்கள். படுத்திருந்த நாட்களில் சுனில் தினமும் கோப்பையை இறக்கி, போனில் அவருக்குச் சாண் கணக்குச் சொன்னார். வீட்டுக்கு வரும்போது கண்ணுக்கு ஒரு மருந்துப் போத்தல் தந்துவிட்டார்கள். நன்றாகக் குலுக்கிய பின் பாவிக்கவும் என்று அதிலும் எழுதியிருந்தது. அந்த ஒன்றை மட்டும் அவர் குலுக்கினார்.

கறுப்புக் கண்ணாடியோடு முதல் வேலையாகப் படகுத்துறைக்குப் போக வேண்டும் என்றார். நான் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கண்ணாடியைக் கழற்றி, கோப்பையை இறக்கி, வெகுநேரம் குனிந்தபடியே நின்றார். கோப்பை அடியில் போய் மெல்ல உட்கார்ந்தது.

"தங்கச்சி."

"ஓம் அண்ணை."

"அடியில சுனிலின்ர கரண்டி கிடக்குது."

குனிந்து பார்த்தேன். கோப்பைக்குப் பக்கத்தில், சேற்றின் மேல் மல்லாந்து, தலைவர் எறிந்த கரண்டி வடிவாகத் தெரிந்தது. நான் துறையில் படுத்துக் கையை விட்டால் எட்டும்போல் இருந்தது. சட்டைக் கையை மடித்தேன்.

"எடுத்துக் குடுக்கவோ, அண்ணை?"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். கலங்கிப் போகும். கிடக்கட்டும்."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மருந்து விட்டதால் என்றார். எனக்குத்தான் யாரும் மருந்து விடவில்லை.